மெதுவாகவே திறக்கட்டும்

அத்தியாயம் – 11

உருளைக்கிழங்கின் தோலைச் சீவியபடியே குன்னல் அடுத்த அறையில் காதை வைத்திருந்தாள். அங்கே மகள் தூவே கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் குன்னலின் கத்தி ஒரு நொடி நின்றது.

"எம்மாடி, இந்தத் தூசியை உருட்டினா ஒரு பூனையே செய்யலாம்மா."

"பூனை செத்து நாலு வருஷம் ஆச்சு."

"அதோட முடி இன்னும் இங்கதான் குடியிருக்கு."

நேற்றுக் காலை, தெற்கே உப்சாலாவிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கிய தூவே, அம்மாவைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே தோள்பையைத் தட்டிக் காட்டியிருந்தாள். "உன் கம்ப்யூட்டருக்கு மருந்து கொண்டாந்திருக்கேன். இனிமே தொட்டதும் திறக்கும் பாரு." லூலியோ நிலையத்தில், பனியில் பட்டுத் தெறித்த மார்ச் மாத வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்ற குன்னலால், "நல்லது" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

தப்பு அவளுடையதுதான். போன மாதம் தூவே தொலைபேசியில், "அந்த ஸ்டூரே சனிக்கிழமை பூரா அங்க என்னதான் பண்றார்?" என்று கேட்டாள். சட்டென்று வாயில் வந்ததைக் குன்னல் சொல்லி வைத்தாள். "கணக்கு ப்ரோகிராம் திறக்கவே ஒரு மணி நேரம் ஆகுது. பாவம், அவர் என்ன பண்ணுவார்?"

மருத்துவமனைக் கணினிகளைப் பராமரிக்கும் பெண்ணிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. தாய் வீட்டில் ஒரு நோயாளி கிடக்கிறான் என்று கேட்ட மருத்துவர் மாதிரி தூவே பெட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஸ்டூரேவும் குன்னலும் ஜோடி சேர்ந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. அவர் பீட்டியோவில், அவள் லூலியோவில், நடுவே ஒரு மணி நேரப் பஸ் பயணம். துணையை இழந்தவர்கள் அந்த வயதில் இரண்டு வீடு, இரண்டு குளிர்பெட்டி என்று தனித்தனியாக வைத்துக்கொண்டு சேர்ந்திருப்பது அந்த வடக்கில் யாருக்கும் புதுமை இல்லை. அவரவர் செலவு அவரவருக்கு. மாதம் ஒருமுறை ஸ்டூரே ஒரு காபிப் பொட்டலத்தை வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் குன்னலின் அலமாரியில் வைப்பார். அவர் குடித்த காபிக்கு அது ஈடு.

அக்டோபர் வரை அவர்கள் சந்தித்ததும் மாதம் ஒருமுறைதான். பேக்கரியில் ஒரு காபி, ஒரு இலவங்கப்பட்டை ரொட்டி, கடற்கரையோரம் ஒரு நடை, அப்புறம் பஸ். அக்டோபரில் ஸ்டூரேவின் கணினி படுத்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த காலத்துப் பங்குகளிலிருந்து போன வாரத்து மின்கட்டணம் வரை எல்லாக் கணக்கும் அதில்தான் இருந்தது. அவர் அதை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, தொப்பியைக் கழற்றாமலே கேட்டார். "உன் கம்ப்யூட்டர்ல இதைக் கொஞ்சம் போட்டுக்கலாமா, குன்னல்? வாரா வாரம் சனிக்கிழமை ஒரு அரை மணி நேரம். புதுசு வாங்கற வரைக்கும்தான்."

புதுசு இன்னும் வாங்கவில்லை. விலை குறையட்டும் என்று பார்க்கிறாராம்.

அரை மணி நேரம் என்று தொடங்கியது மெல்ல நீண்டது. அவர் கணக்கைத் திறக்க ஒரு அமுக்கு அமுக்குவார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கும். எழுந்து சமையலறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு துருவுவார். பேச்சு நடக்கும். சாப்பிடுவார்கள். "திறந்துச்சான்னு பாக்கறேன்" என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சோபாவில் சாய்வார். ஜன்னலுக்கு வெளியே உறைந்த விரிகுடாவில் ஆட்கள் நாயோடு நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருவரும் சும்மா இருப்பார்கள். அவர் ஏறுவது ஏழு மணி பஸ்.

திறந்துவிட்டால்? வேலை சட்டென்று முடிந்துவிட்டால் அவர் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். மறுபடி மாதம் ஒரு காபி. அந்த ஐந்து மணி நேரத்தைத்தான் தூவே அடுத்த அறையில் திருகாணி திருகாணியாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அது குன்னலைத் தவிர யாருக்கும் தெரியாது. நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, கணக்கு வரவர வேகமாகத் திறக்கிற மாதிரி அவளுக்குத் தோன்றியது. சுகாதார மையத்தில் இருபது வருடத்துக்கும் மேல் செயலாளராக இருந்தவள். ஒரு வரிசையை எப்படி நகராமல் நிறுத்துவது என்று தெரியும். கணினி முழுவதையும் வைரஸ் இருக்கிறதா என்று அலசி, மற்றதையெல்லாம் மெதுவாக்கும் வேலையை, அவள் நிதானமாக, சனிக்கிழமை காலை பத்தரைக்கு மாற்றி வைத்தாள்.

வாசல் மணி அடித்தது. மணி பத்து.

ஸ்டூரே காலணியைக் கழற்றி, சுவரோரமாக நேராக வைத்து, மேலங்கியைக் கொக்கியில் மாட்டினார். அவருடைய வணக்கம் எப்போதும் போக்குவரத்துச் செய்திதான்.

"பஸ் ரெண்டு நிமிஷம் லேட்டு."

"கம்பெனிக்கு எழுதிப் போடுங்க" என்றாள் தூவே, கையில் தூசி உறிஞ்சியோடு.

"போட்டாச்சு. பஸ்ல வரும்போதே."

முப்பது வருடத்துக்கும் மேலாக இரும்புத்தாது ரயில்களை எந்தத் தண்டவாளத்தில், எந்த நிமிடத்தில் விடுவது என்று தீர்மானித்த மனிதர். ஒரு நிமிடத் தாமதம் என்றால் யார், ஏன் என்று கேட்காமல் விடமாட்டார். கிறிஸ்துமஸுக்கு அவரை முதல்முறை பார்த்தபோதே தூவேவுக்கு அது பிடித்திருந்தது. பிடித்ததை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

தூவே தகட்டை மூடி, கணினியைக் கிளப்பினாள். "இப்ப உக்காருங்க. வழக்கமா என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்க. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்."

ஸ்டூரே உட்கார்ந்தார். அமுக்கினார். எழுந்தார்.

"எங்க போறீங்க?"

"கிச்சனுக்கு."

"ஏன்?"

"இப்பத்தானே அமுக்கியிருக்கேன்" என்றார் ஸ்டூரே, அதைவிடத் தெளிவாக ஒரு பதில் இருக்க முடியாது என்பது போல.

சமையலறையில் அவர் சட்டைக் கையை மடித்துத் துருவியை எடுத்தார். குன்னல் ஒரு கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்தாள். அன்றைக்குப் பால்ட். துருவிய உருளைக்கிழங்கை மாவோடு பிசைந்து, உள்ளே உப்புப் பன்றிக்கறியை வைத்து உருட்டி வேக வைப்பது. பீட்டியோக்காரர்களுக்கு அது சாப்பாடு மட்டும் இல்லை, ஊர்ப் பெருமையும்கூட.

"மாவு அதிகம்" என்றார் ஸ்டூரே.

"இன்னும் போடவே இல்ல."

"போடப்போறே. லூலியோக்காரங்க எல்லாரும் அப்படித்தான். வெந்ததும் அதை வெச்சு ஐஸ் ஹாக்கி ஆடலாம்."

"அப்ப உன் ஊர்ல போய் சாப்பிடு."

"பஸ் ஏழு மணிக்குத்தான்."

இரண்டு மணிக்கும் ஒரு பஸ் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லவில்லை. குன்னல் மாவு டப்பாவின் மூடியைத் திறப்பதில் கவனமாக இருந்தாள்.

அப்போது அடுத்த அறையில் கணினியின் விசிறி உறுமத் தொடங்கியது. விமானம் ஓடுபாதையில் நகர்வது மாதிரி.

"அம்மா" என்றாள் தூவே. குரலில் வேட்டைக்காரனின் சந்தோஷம். "சரியா பத்தரைக்கு இதுக்குள்ள என்னமோ முழிச்சுக்கிச்சு."

குன்னல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்டூரேவைப் பார்த்தாள். "கீழ சலவை அறையில இன்னைக்கு என் முறை. மெஷின்ல இருக்கறதை எடுத்துக் காய வெச்சுட்டு, அடுத்ததைப் போட்டுட்டு வந்துடறியா?"

ஸ்டூரே மறுக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அடித்தளத்துச் சலவை அறையில், எந்த வீட்டுக்கு எந்த நேரம் என்று போட்டிருக்கும் பலகை அவருக்கு மிகவும் பிடித்த இடம். முடிந்தால் அதை இன்னும் ஒழுங்குபடுத்தியிருப்பார். கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

தூவே சமையலறை வாசலில் வந்து சாய்ந்தாள்.

"வைரஸ் ஸ்கேன். சனிக்கிழமை பத்தரை. யாரும்மா வெச்சது?"

"தானா வந்திருக்கும்."

"தானா வந்தா நடுராத்திரின்னு வரும். இதுல நவம்பர்ல மாத்தினதா இருக்கு. மாத்தினவங்க பேரும் இருக்கு. நாப்பது வயசுப் பொண்ணுகிட்ட பொய் சொல்லாத."

"முப்பத்தொம்பது."

"அம்மா."

குன்னல் மாவில் விரலை விட்டு, பதம் பார்ப்பது போல ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். "அது திறக்கற வரைக்கும் அவர் இங்க வந்து உக்காருவார்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். தூவேவின் முகத்தில் இருந்த வேட்டைச் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"இருன்னு சொல்லலாமே."

"எதுக்குன்னு கேட்டா?"

"எதுக்கும் இல்ல, சும்மா இருன்னு சொல்லு."

"வேலையே இல்லாம ஒரு மனுஷனை எப்படி உக்கார வெக்கறது? அவர் என்ன நினைப்பார்?"

"அப்பாவை அப்படிக் கேட்டதே இல்லையா நீ?"

"உங்கப்பா இந்த வீட்டுலதான் இருந்தார். கேக்க வேண்டிய அவசியமே வரல." குன்னல் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். "எனக்குக் கேட்டுப் பழக்கம் இல்ல தூவே. தெரியல."

தூவே பக்கத்தில் வந்து நின்று, ஒரு உருளைக்கிழங்கை எடுத்துச் சும்மா உருட்டினாள். "நான் அதை செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு மாத்திட்டேன்."

"மாத்திட்டியா?"

"உன் பேரைப் பாக்கறதுக்கு முன்னாடியே கை மாத்திடுச்சு. தொழில் புத்தி. திருப்பி வெக்கவா?"

குன்னல் யோசித்தாள். மகளிடம் கெஞ்சி வாங்கிய தாமதத்தில் உட்கார்ந்து அவரோடு காபி குடிப்பதைக் கற்பனை செய்து பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். "நீ தெரிஞ்சுக்கிட்ட. இனிமே அதுல ருசி இருக்காது."

ஸ்டூரே மேலே வந்தபோது தூவே கணினியை ஒருமுறை அணைத்துக் கிளப்பியிருந்தாள். இடைஞ்சல் எடுத்தாகிவிட்டது, இனி ஓடும் என்ற நிச்சயத்தோடு கணக்கைத் திறந்தாள். குன்னல் கையில் கரண்டியோடு வந்து பின்னால் நின்றாள். தண்டனையைக் கேட்க நீதிமன்றத்துக்கு வந்தவள் போல இருந்தாள்.

வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்ன இது?" என்றாள் தூவே.

குன்னலுக்கும் அதே கேள்விதான். அவள் வைத்த தடையை எடுத்தாகிவிட்டது. பிறகு இது எதற்காகச் சுற்றுகிறது? இருந்தாலும் அவள் கேள்வி கேட்கிற மனநிலையில் இல்லை. கரண்டியை ஆட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவளை அறியாமல் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

தூவே விடவில்லை. கணக்குக் கோப்பில் சேர்ந்திருந்த குப்பையைச் சுருக்கச் சொன்னாள். சுருக்கியது, பயன் இல்லை. கணினியைக் கிளப்பும்போது கூடவே கிளம்பும் தேவையற்ற நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். பயன் இல்லை. கடைசியில் பையிலிருந்து அந்த மருந்தை, உப்சாலாவிலிருந்து கொண்டுவந்த புது டிஸ்க்கை எடுத்தாள். பழையதிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் நகலெடுக்க நேரம் பிடித்தது. அதற்குள் குன்னலும் ஸ்டூரேவும் பால்ட் உருண்டைகளை உருட்டி, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாக இறக்கினார்கள்.

"மாவு சரியா இருக்கு" என்று ஸ்டூரே ஒத்துக்கொண்டார்.

"உனக்கு உடம்பு சரியில்லையா?"

"வெயில் அடிக்குது. அதான் நல்ல மனசு."

புது டிஸ்க்கில் கணினி துள்ளிக்கொண்டு கிளம்பியது. எல்லாம் தொட்டதும் திறந்தன. கணக்கைத் தவிர. அது மட்டும் பழைய நிதானத்திலேயே, வட்டத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது.

"விடு பொண்ணே" என்றார் ஸ்டூரே, கதவருகில் நின்று. "பழைய சாமான். அப்படித்தான் இருக்கும். பொறுமையா இருந்தா திறக்கும்."

குன்னல் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் இரண்டு நிமிடம் தாமதமானதற்குப் புகார் எழுதிய மனிதரின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. ஐந்து மாதமாக அவர் இந்தத் தாமதத்தைப் பற்றி ஒரு முறைகூட முகம் சுளித்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ப்ரோகிராமோட செட்டிங்ஸை இன்னும் பாக்கல" என்றாள் தூவே.

"அதுல ஒண்ணும் இருக்காது" என்றார் ஸ்டூரே, கொஞ்சம் அவசரமாக.

தூவே பார்த்தாள். கோப்பைத் திறக்கும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம். அதில் வரிசையாகக் கட்டங்கள். எல்லாக் கட்டத்திலும் டிக். திறக்கும் ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சரிபார்க்க வேண்டும். பிழை இருக்கிறதோ இல்லையோ, சீர்செய்ய வேண்டும். அவர் எப்போதோ வாங்கி எப்போதோ விற்ற பங்குகளுக்கெல்லாம் ஆரம்ப நாளிலிருந்து இன்றுவரை உள்ள விலையை இணையத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

"இதுல பாதிக் கம்பெனி இப்ப இல்லவே இல்ல" என்றாள் தூவே. "செத்துப்போனவங்ககிட்ட விலை கேட்டுட்டு, பதில் வரும்னு இது காத்துக்கிட்டிருக்கு. பதில் வரலன்னு ஆனதும் அடுத்த செத்தவங்களைக் கேக்குது." நாற்காலியைத் திருப்பினாள். "ப்ரோகிராமைப் போடும்போது இந்தக் கட்டமெல்லாம் காலியாத்தான் இருக்கும். யாரோ கையால ஒவ்வொண்ணா டிக் பண்ணியிருக்காங்க. நீங்களா?"

ஸ்டூரே உதட்டைக் குவித்து, காற்றை உள்ளே ஒரு சிறு விசில் போல இழுத்தார். வடக்கத்தியர்கள் 'ஆமாம்' சொல்லுகிற விதம் அது.

"அது ஆமாவா, வெறும் மூச்சா? வாயைத் திறந்து சொல்லுங்க. உப்சாலா போனதுல என் காது கெட்டுப் போச்சு."

"ஆமா" என்றார் ஸ்டூரே. "ஒரு பத்திரத்துக்குத்தான். ரயில்வேல எல்லாத்தையும் ரெண்டு தடவை பாப்போம்."

சொல்லும்போதே அவருடைய காது மடல்கள் சிவந்தன. கொதிக்கும் பானைக்கு மேல் குனிந்ததால் வந்த சிவப்பு இல்லை. குன்னல் அதைப் பார்த்தாள். தூவேவும் பார்த்தாள். தூவே அம்மாவின் முகத்தை ஒருகணம் தேடினாள். திருப்பி வைக்கட்டுமா என்று மறுபடி கேட்கிற பார்வை. குன்னல் கரண்டியைத் துடைத்தாள். அவளுக்கு உண்மையிலேயே ஒன்றும் ஓடவில்லை. ஒரு வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும் என்பதற்காக ஒருவர் தானே தாமதம் செய்வாரா? இல்லை, நிஜமாகவே பத்திரத்துக்குத்தானா? ரயில்வேக்காரர்கள் அப்படியும் இருப்பார்கள்.

"எடுத்துடவா?" என்று தூவே ஸ்டூரேவிடமே கேட்டாள்.

"எடுத்துடு" என்றார் அவர். வேறு என்ன சொல்ல முடியும்?

கட்டங்கள் காலியாயின. தூவே கணக்கை மூடி, திரும்ப அமுக்கினாள். வட்டம் ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றவில்லை. கணக்கு திறந்து, பளிச்சென்று, மேற்கொண்டு என்ன என்று கேட்பது போல் நின்றது.

யாரும் மகிழ்ச்சி தெரிவிக்கவில்லை.

ஸ்டூரே உட்கார்ந்து, அந்த வாரத்தின் வரவுசெலவைப் பதிந்தார். பால்ட் வெந்து மேலே மிதந்து வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

சாப்பிட்டார்கள். சூடான உருண்டையைப் பிளந்து, வெண்ணெயை உருகவிட்டு, புளிப்பான லிங்கன் காட்டுப்பழக் கூழைத் தொட்டுக்கொண்டு. வழக்கமாக ஸ்டூரே இரண்டாவது உருண்டையில் பேச்சை ஆரம்பித்து நான்காவதில் சோபாவுக்குப் போவார். இன்றைக்கு மூன்றோடு நிறுத்திக்கொண்டார். தூவே மட்டும் பேசினாள், உப்சாலாவில் வீட்டு வாடகை எப்படி ஏறுகிறது என்று.

ஸ்டூரே தன் தட்டைக் கழுவி வைத்தார். "நல்லா இருந்துச்சு, குன்னல். பீட்டியோவுல சொல்ல மாட்டேன். ஆனா நல்லா இருந்துச்சு." கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சுடலாம்."

"சரி" என்றாள் குன்னல்.

தூவே நாற்காலியைச் சத்தமாகத் தள்ளி எழுந்தாள். "கீழ துணி காய்ஞ்சிருக்கும். நான் போய் எடுத்துட்டு வரேன்." காலிக் கூடைகள் இரண்டையும் இடுக்கிக்கொண்டு, வாசல் கதவை முழங்கையால் தள்ளிவிட்டுப் போனாள். கதவு சாத்தப்படாமல் பாதி திறந்தபடியே நின்றது. படிக்கட்டுக் குளிர் காலில் ஏறியது.

ஸ்டூரே நடைக் கூடத்து முக்காலியில் உட்கார்ந்து ஒரு காலணியை மாட்டினார். மேலங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு குன்னல் எதிரே நின்றாள். கொடுக்க வேண்டும். அவர் கையை நீட்டினால் கொடுக்கத்தான் வேண்டும். அடுத்த சனிக்கிழமை இவர் வருவார், பத்து மணிக்கு. இரண்டு மணி பஸ்ஸில் போயிருப்பார். அதற்கப்புறம் எப்போதாவது ஒரு நாள் கணினியின் விலை குறையும்.

"இரு" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "எதுக்கு?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் இத்தனை நாளும் பயந்திருந்தாள். வந்துவிட்டது. வந்த பிறகு, அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

"எதுக்கும் இல்ல. வேலை ஒண்ணும் இல்ல. இருந்தா எனக்கு நல்லா இருக்கும்."

ஸ்டூரே அவளைப் பார்த்தார். பிறகு காலில் இருந்த காலணியைப் பார்த்தார். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் நாடாவை விரலில் சுற்றினார்.

"குன்னல், நாளைக்கு என் வீட்டைப் பாக்க ஆளுங்க வர்றாங்க."

"எந்த ஆளுங்க?"

"வாங்கறவங்க. மத்தியானம் ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும். அந்த நேரம் நான் வீட்டுல இருக்கக் கூடாதாம், தரகர் சொல்லிட்டார். வீட்டுக்காரன் நின்னா வர்றவங்க மனசு விட்டுக் குறை சொல்ல மாட்டாங்களாம்."

மேலங்கி குன்னலின் கையில் கனத்தது. "வீட்டை விக்கறியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லலதான்."

"எங்க போவே?"

"பையன் நார்விக்குக்கு வரச் சொல்றான். அவன் வீட்டுக் கீழ்த்தளத்துல ரெண்டு ரூம் காலியா இருக்கு. நல்ல ரூம்தான். ஜன்னல்ல இருந்து பாத்தா தாதுக் கப்பல் தெரியும்." அவர் நாடாவை விரலிலிருந்து அவிழ்த்தார். "கடைசி பதில் இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்."

நார்விக். மலைக்கு அந்தப் பக்கம், நார்வேயில். பஸ்ஸில் ஒரு மணி நேரம் இல்லை அது. குன்னல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், காலணிகளுக்கு நடுவில், அவருடைய மேலங்கியை மடியில் போட்டுக்கொண்டு.

"எப்போ இருந்து இது?"

"அக்டோபர்ல இருந்து."

"அஞ்சு மாசமா சனிக்கிழமை சனிக்கிழமை என் கிச்சன்ல உக்காந்து மாவு அதிகம், மாவு அதிகம்னு சொல்லிட்டிருந்தியே, இதைச் சொல்லத் தோணலையா?"

"தோணுச்சு. அதுக்குத்தான் வந்தேன்." அவர் குரல் தணிந்தது. "பஸ்ல வரும்போது ஒவ்வொரு வாரமும் மனசுக்குள்ள சொல்லிப் பாப்பேன். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் சரியா வரும். இங்க வந்து உக்காந்து, பேச்சு அந்த இடத்துக்கு வர்றதுக்குள்ள அந்தச் சனியன் திறந்துடும். எழுந்து போக வேண்டியிருக்கும். அதனாலதான் அந்தக் கட்டத்துல எல்லாம் டிக் போட்டேன். வாரத்துக்கு ஒண்ணு. அப்பவும் நேரம் பத்தல."

குன்னலுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது. தன்னுடைய பத்தரை மணி ரகசியத்தை இப்போது சொல்லலாமா, அப்புறம் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். அப்புறம் என்று முடிவு செய்தாள்.

"நார்விக் போறேன்னு சொல்றதுக்கா இவ்வளவு நேரம் வேணும்? அது ஒரே வாக்கியம்."

"நார்விக் போறதைச் சொல்ல இல்ல." ஸ்டூரே கையிலிருந்த காலணியைத் தரையில் வைத்தார். வைத்ததை நேராக நகர்த்தினார். அப்புறம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "போறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். உன் பதிலைப் பொறுத்துத்தான் பையனுக்குப் பதில்."

"கேளு" என்றாள் குன்னல்.

பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே மின்தூக்கி வந்து நின்றது. கதவு விலகியது. இரண்டு கூடை நிறையத் துணியோடு தூவே உள்ளே நின்றிருந்தாள். ஒரு காலில் காலணியும் ஒரு காலில் காலுறையுமாக முக்காலியில் உட்கார்ந்திருந்த ஸ்டூரேவையும், காலணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவையும் பார்த்தாள். இருவரும் அவளைப் பார்க்கவில்லை.

ஒரு கூடையை இடுப்பில் தாங்கிக்கொண்டு, தூவே கட்டை விரலால் அடித்தளத்துப் பொத்தானை அமுக்கினாள். மின்தூக்கி அவளையும் காய்ந்த துணிகளையும் ஏற்றிக்கொண்டு மறுபடி கீழே இறங்கியது.